புறநகருக்குப் போகலாமா? நான்கு வழிகள், ஐந்து பேர், ஒரு செவ்வாய்க்கிழமை

மாநகரத்தை விட்டுக் குடும்பத்தோடு புறநகருக்குப் போகலாமா என்ற பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் முதலில் சதுர அடியில்தான் தொடங்கும். இங்கே இரண்டு அறைக்குக் கொடுக்கிற வாடகையில் அங்கே மூன்று அறை, ஒரு பால்கனி, வண்டி நிறுத்த இடம். அத்தோடு கணக்கு முடிந்துவிட்ட மாதிரி தோன்றும். என்னைக் கேட்டால், வீடுகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை ஒப்பிட வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த நாள் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எப்படிப் போகும் என்று, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும்.

பேச்சு பெரும்பாலும் 'நகரமா, புறநகரா' என்று இரண்டிலேயே நிற்கிறது. கையில் இருப்பது உண்மையில் நான்கு வழிகள். முதலாவது, இப்போது இருக்கும் வீட்டிலேயே இடநெருக்கடியைச் சமாளித்துக்கொண்டு இருந்துவிடுவது. இரண்டாவது, நகரத்துக்குள்ளேயே வேறு பகுதிக்கு மாறுவது. பேர்பெற்ற பகுதியாக இருக்காது, ஆனால் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ பக்கமாக இருக்கும். இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. மூன்றாவது, ரயில் பாதையை ஒட்டி எப்போதோ வளர்ந்துவிட்ட பழைய புறநகர். ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம், கடைத்தெரு உண்டு, வீடுகள் கொஞ்சம் பழசு. நான்காவது, ஊர் முடிகிற இடத்தில் புதிதாக மனை பிரித்துக் கட்டியிருக்கும் பகுதி. வீடு பெரிது, காற்று நன்றாக வரும், ஆனால் ஒரு தலைவலி மாத்திரை வாங்கக்கூட வண்டியை எடுக்க வேண்டும்.

மூன்றையும் நான்கையும் ஒரே கணக்கில் சேர்ப்பதால்தான் பல முடிவுகள் தப்பாகப் போகின்றன. இரண்டும் பிறந்த விதமே வேறு. 1863-இல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டிய மெட்ரோபாலிட்டன் ரயில்வே, பிற்பாடு தன் தண்டவாளம் நீண்ட பக்கமெல்லாம் வீடுகளுக்கு ஆள் சேர்த்தது. 1915 முதல் அந்தப் பகுதிகளை 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்தே விளம்பரம் செய்தது. அங்கே ஸ்டேஷன் முதலில் வந்தது, வீடுகள் அதைச் சுற்றி வந்தன. 1947-இல் நியூயார்க்குக்கு வெளியே லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் அதற்கு நேர்மாறு. சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின, ஒவ்வொரு வீட்டிலும் கார் இருக்கும் என்ற எண்ணத்தில். உலகத்தில் எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் ஓரங்கள் இந்த இரண்டில் ஒன்றின் சாயலில் இருக்கும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடம் எந்தச் சாயல் என்று தெரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. வீட்டு வாசலில் நின்று, வண்டி இல்லாமல் எங்கெல்லாம் போக முடியும் என்று யோசித்தால் போதும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு நகரத்தின் நடுவில் அலுவலகம், வாரம் ஐந்து நாளும் போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6. எழுபதைத் தாண்டிய பாட்டி கூடவே இருக்கிறார். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறார்கள், அப்பாவின் அலுவலகத்துக்கு ஒரு வழிப் பயணம் 30 நிமிடம். ரயிலை ஒட்டிய புறநகருக்குப் போனால் 50 நிமிடம். ஊர் விளிம்புக்குப் போனால் 85 நிமிடம்.

பணம்

மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் வாடகைக்கு 35, போக்குவரத்துக்கு 5, மொத்தம் 40. ரயில் புறநகரில் வாடகை 27, போக்குவரத்து 8, மொத்தம் 35. ஊர் விளிம்பில் வாடகை 22-க்கு இறங்கிவிடும், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே வீட்டுக்கு இரண்டு வண்டி தேவைப்படும். இரண்டு வண்டியின் தவணை, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 18 ஆகிவிட்டால், மொத்தம் மறுபடியும் 40. வாடகையில் மிச்சம் பிடித்த 13 பங்கும் சாலையிலேயே போய்விட்டது.

இந்தப் பங்குகள் நான் எடுத்துக்காட்டுக்குச் சொன்னவை. உங்கள் வீட்டுக் கணக்கில் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. வில்லியம் அலோன்ஸோ என்ற பொருளியலாளர் 1964-இலேயே இதைத் தெளிவாக விளக்கிவிட்டார். நகரத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்தின் விலை இறங்குவதற்குக் காரணம், அங்கே இருப்பவர் ஒவ்வொரு நாளும் பயணத்துக்குச் செலவழிக்க வேண்டியிருப்பதுதான். ஆகவே புறநகர் வீட்டின் குறைந்த விலையில் தள்ளுபடி எதுவும் கிடையாது. மீதியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப் போகிறோம், அவ்வளவுதான். அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு இதனால்தான் வீட்டுச் செலவைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவருகிறது. வீட்டுக்கு மட்டும் வருமானத்தில் 30 சதவீதம் என்பது பழைய அளவுகோல். வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்த அளவுகோல். எந்த ஊருக்கும் முதல் சல்லடையாக இது நன்றாகவே உதவும்.

வாடகைக்குப் போனால் நிலைமை இது. ஊர் விளிம்பில் சொந்தமாக வாங்கினால் இன்னும் கொஞ்சம் சிக்கல். 'எலி வளையானாலும் தனி வளை' என்ற ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சொந்தச் சுவருக்கு ஆணி அடிப்பதில் உள்ள நிம்மதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாங்கிய வீட்டிலிருந்து எழுந்து வருவது லேசில்லை. 'இன்னும் இரண்டு வருடத்தில் இங்கே ரயில் வந்துவிடும்' என்று விற்பவர் சொன்னால், அந்த ரயில் ஓடத் தொடங்கும்வரை அதற்கென்று ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு இருக்கிற சாலையையும் இன்றைக்கு ஓடுகிற பேருந்தையும் வைத்தே வீட்டை மதிப்பிடுங்கள்.

நேரம்

பணக் கணக்கையாவது எல்லோரும் போடுகிறார்கள். நேரக் கணக்கை 'கொஞ்சம் தூரம்தான், பழகிவிடும்' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நான் நம்புவதில்லை.

அப்பாவின் கணக்கைப் பாருங்கள். ஊர் விளிம்புக்குப் போனால் ஒரு வழிக்கு 55 நிமிடம் கூடுதல், போய் வர 110 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 9 மணி நேரத்துக்கு மேல். விடுமுறை எல்லாம் கழித்து வருடத்துக்கு 46 வாரம் என்று வைத்தால் 420 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் ஐம்பதுக்கும் மேல். சம்பளமே இல்லாமல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலான வேலைநாள்கள் சாலையில் கழிகின்றன. ரயில் புறநகர் என்றால் கூடுதல் நேரம் வாரத்துக்கு 3 மணி 20 நிமிடம். அதிலும் ஒரு பகுதி உட்கார்ந்து படிக்கவோ கண்ணை மூடவோ கிடைக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

பழகிவிடுமா? உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2004-இல் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை மணிவாரியாக நினைவுகூரச் சொல்லிக் கேட்டார்கள். நாளின் எல்லா வேலைகளிலும் மகிழ்ச்சி மிகக் குறைவாக இருந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணத்தில். பொருளியலாளர்கள் அலாய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரேயும் ஜெர்மனியின் தரவுகளை வைத்துப் பார்த்தது இன்னும் நேரடியாக நம் கேள்வியைத் தொடுகிறது. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு நல்ல வீடோ நல்ல சம்பளமோ அந்தத் தூரத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பதுதான் பொருளியலின் எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையைப் பற்றிய மனநிறைவு குறைந்துகொண்டே போனது. பெரிய வீட்டுக்கு மனம் சில மாதங்களில் பழகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. போக்குவரத்து நெரிசல் தினமும் வேறு மாதிரி இருப்பதால் அதற்குப் பழக முடிவதில்லை.

நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தையொட்டிய பயணத்தைத்தான் மனிதர்கள் காலம்காலமாகப் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். நடந்தபோதும் சரி, ரயில் வந்த பிறகும் சரி, கார் வந்த பிறகும் சரி, வேகம் கூடியதே தவிர நேரம் அதிகம் மாறவில்லை, ஊர்தான் அகன்றது. இதை ஒரு சட்டம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் போக வர 100 நிமிடம் ஆகும் மூன்றாவது வழியே எல்லையைத் தாண்டுகிறது, 170 நிமிடம் ஆகும் நான்காவது வழி வெகுதூரம் தாண்டிவிட்டது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அது நியாயம்தான். வாரத்துக்கு இரண்டு நாள்தான் அலுவலகம் என்றால், விளிம்பில் இருப்பவருக்குக் கூடுதல் நேரம் 220 நிமிடம். ரயில் புறநகரிலிருந்து ஐந்து நாளும் போகிறவரின் 200 நிமிடத்துக்கு அது கிட்டத்தட்ட சமம். கோவிட் காலத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பெருநகரங்களில் மையத்திலிருந்து ஆட்கள் ஓரங்களுக்கு நகர்ந்ததை பொருளியல் ஆய்வாளர்கள் நிக்கோலஸ் ப்ளூமும் அர்ஜுன் ரமணியும் 'டோனட் விளைவு' என்று பெயர் வைத்து எழுதியது இதனால்தான்: நடு காலி, சுற்றிலும் நிறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை. 'வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும்' என்ற ஏற்பாட்டை மேலிடம் ஒரே மின்னஞ்சலில் மாற்றிவிடும். இருபது வருட வீட்டுக் கடன் அப்படி மாறாது.

யாருடைய வேலை விட்டுக்கொடுக்கும்?

ஒப்பீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது: பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள். நகரத்து வீட்டில் இருந்தால் அப்பா, அம்மா யார் வேண்டுமானாலும் அரை மணியில் போய்விடலாம். இன்றைக்கு அவர், அடுத்த முறை இவர். விளிம்பில் இருந்தால் 85 நிமிடத் தூரத்தில் இருப்பவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்தான் போவார். ஒவ்வொரு முறையும் அவரே போவார். பல் டாக்டருக்கும் அவரே, பெற்றோர் கூட்டத்துக்கும் அவரே, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் வீட்டில் இருக்க வேண்டியதும் அவரே. கொஞ்ச நாளில் அலுவலகத்தில் பொறுப்பான வேலை அவருக்கு வருவது நின்றுவிடும். ஒரு கட்டத்தில் 'பக்கத்திலேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன்' என்று குறைந்த சம்பளத்துக்கு மாறுவார், அல்லது வேலையையே விடுவார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்க மாட்டார்கள். தூரம் முடிவு செய்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த 'அவர்' அம்மாவாகத்தான் இருக்கிறார்.

இரண்டாவது சம்பளம் போனால், மேலே போட்ட 100 பங்குக் கணக்கே சரிந்துவிடும். அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கணவனும் மனைவியும் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் யார் போவது, வாரத்தில் எந்த நாள் யாருடைய முறை. பதில் எப்போதும் ஒருவர்தான் என்றால், அந்த வீடு ஒருவருடைய செலவில் வாங்கப்படுகிறது. அதைத் தெரிந்தே ஒப்புக்கொள்வது வேறு, தெரியாமல் போய்ச் சேர்வது வேறு.

பிள்ளைகள்

'பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம்' என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பிள்ளைக்கு என்பதுதான் கேள்வி. 6 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் இந்த மாற்றம் ஒன்றே இல்லை.

மகனுக்கு வேண்டியது ஓடுவதற்கு இடம், பக்கத்தில் பள்ளி, விளையாடக் கூட்டாளிகள். சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட வைத்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சத்தில் கழிக்கும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அந்த நேரத்தைப் புறநகர் தானாகக் கொடுத்துவிடாது. பள்ளி வேனில் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி போனால், வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் இருந்தும் இருட்டிய பிறகுதான் பையன் வந்து சேருவான். நகரத்தில் ஒரு பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வீடு இந்த விஷயத்தில் விளிம்பில் இருக்கும் பெரிய வீட்டை வென்றுவிடும்.

மகளின் செவ்வாய்க்கிழமை வேறு. பள்ளி முடிகிறது, ஐந்து மணிக்கு பேட்மிண்டன், அப்புறம் தோழி வீட்டில் சேர்ந்து படிப்பு, ஏழரைக்கு வீடு. இப்போது இதையெல்லாம் அவள் தானே பேருந்தில் ஏறி இறங்கிச் செய்துகொள்கிறாள். 13 வயதில் அது வெறும் வசதி இல்லை, வளர்ச்சி. ஊர் விளிம்பில் இந்த ஒவ்வொரு போக்குவரத்துக்கும் யாராவது வண்டி ஓட்ட வேண்டும். ஓட்ட ஆள் இல்லாத நாளில் பேட்மிண்டன் நின்றுபோகும். கொஞ்ச நாளில் தோழியும் குறைந்துபோவாள்.

மாறும் வயதைப் பற்றி நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பெரிய சோதனையில், வறுமை மிகுந்த குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்கு வேறு பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆன பிறகு ராஜ் செட்டி, நதானியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அவர்களுடைய வருமானத்தைப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்பே மாறியவர்களுக்கு நல்ல பலன் இருந்தது. அதற்குப் பிறகு மாறியவர்களுக்குப் பலன் இல்லை, கொஞ்சம் இழப்பே தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் நிலைமை வேறு. நம் குடும்பத்துக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் இருக்கும் காரணம் பொருந்தும். பழகிய இடத்தைப் பிடுங்குவதால் வரும் பாதிப்பு எந்த வயதிலும் உண்டு. சின்னப் பிள்ளைக்கு அதை ஈடுகட்ட நிறைய வருடங்கள் கையில் இருக்கின்றன. 14 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு இல்லை.

என் கருத்து இது: மூத்த பிள்ளை 10 வயதைத் தாண்டுவதற்குள் போங்கள், அல்லது பள்ளி முடியும்வரை பொறுங்கள். இடையில்தான் போக வேண்டும் என்றால், பழைய பள்ளியிலேயே தொடரக்கூடிய ரயில் பாதையில் வீடு பாருங்கள்.

பாட்டி

ஊர் விளிம்பு பாட்டிக்கு அமைதியாக இருக்கும் என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். பாட்டியிடம் யாரும் கேட்பதில்லை. நகரத்தில் அவர் தானாகவே கீழே இறங்கி மருந்துக்கடைக்கும் கோவிலுக்கோ நூலகத்துக்கோ போய்விட்டு, வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருகிறார். நடைபாதை இல்லாத புதிய பகுதியில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அவருக்கு மிஞ்சுவது தொலைக்காட்சி.

மருத்துவமனைத் தூரத்தில் சமரசமே கூடாது. திடீரென்று இதயம் நின்றுபோனால், மார்பை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 4.5 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் 'பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா' என்று கேட்டால் போதாது. இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்குமா, அந்த நேரத்தில் ஸ்கேன் எடுப்பார்களா, ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்று நேரில் போய்க் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

காற்று, சத்தம், அக்கம்பக்கம்

புறநகர் என்றால் சுத்தமான காற்று என்பது பாதி உண்மை. பெரிய நெடுஞ்சாலையை ஒட்டி எங்கே இருந்தாலும் புகை உண்டு. சாலையிலிருந்து 150 முதல் 300 மீட்டர் தள்ளிப் போனால்தான் அது தெளிவாகக் குறையும். விளிம்புப் பகுதிகளில் பல குடியிருப்புகள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே எழுகின்றன, ஏனென்றால் அதுதான் அவர்களுக்குப் பாதை. நகரத்துக்குள் உள்ளடங்கிய தெரு ஒன்று அதைவிட நல்ல காற்றைக் கொடுக்கலாம்.

அக்கம்பக்கமும் அப்படித்தான். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பு ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டு 1972-இல் வெளியிட்ட ஆய்வில், வாகனம் குறைவாக ஓடும் தெருவில் இருந்தவர்களுக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். வாகனம் நெரியும் தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை. மூன்று தெருவும் ஒரே நகரத்துக்குள் இருந்தவைதான். அதனால் ஊரைப் பார்ப்பதைவிடத் தெருவைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, பெரியவர்கள் வாசலில் நின்று பேசுகிறார்களா? அந்த ஒரு காட்சி விளம்பரத்தில் வராத பலவற்றைச் சொல்லிவிடும்.

தண்ணீர் இணைப்பு, கழிவுநீர்க் குழாய், குப்பை எடுப்பது, கனமழையில் தெருவில் தண்ணீர் நிற்பது இவற்றைப் பற்றி வீட்டு உரிமையாளரிடம் கேட்பதைவிட இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் கேட்பது மேல்.

எதை எடுப்பது?

நான் பார்த்தவரை, ஒரு குடும்பத்தின் முடிவை யாருக்கு வேறு வழி குறைவோ அவரை வைத்து எடுப்பதுதான் சரி. அப்பா வேறு நேரத்தில் கிளம்பலாம், அம்மா ஏற்பாடுகளை மாற்றிக்கொள்ளலாம், 6 வயதுப் பையன் எங்கே போட்டாலும் முளைப்பான். 13 வயது மகளுக்கும் எழுபது கடந்த பாட்டிக்கும் அப்படி வளைந்துகொடுக்க இடம் இல்லை. ஆகவே இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, அதுவும் மகளின் பள்ளி அதே ரயில் பாதையில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் அவள் பள்ளியை முடிக்கும்வரை இரண்டாவது வழி: நகரத்துக்குள்ளேயே கொஞ்சம் மலிவான, பூங்காவோடு கூடிய பகுதி. இரண்டு பிள்ளைகளும் எட்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்றாவது வழியைத் தயக்கமில்லாமல் சொல்லியிருப்பேன்.

நான்காவது வழியை முற்றிலும் ஒதுக்க மாட்டேன். வேலைக்குப் போகும் இருவருக்கும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அலுவலகம் இல்லை, நல்ல பள்ளியும் இரவில் இயங்கும் மருத்துவமனையும் வீட்டிலிருந்து 15 நிமிடத்துக்குள் இருக்கின்றன என்றால், அது நல்ல வாழ்க்கைதான். பெரிய வீட்டின் சுகம் அப்போது உண்மையாகவே கைக்கு வரும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். முதல் வழி, அதாவது இருக்கும் வீட்டிலேயே இருப்பது, அடுத்த இரண்டு வருடத்தில் வேலையோ ஊரோ மாறக்கூடும் என்று தெரிந்தவர்களுக்குச் சரி. அவர்கள் வீடு மாற ஆகும் பணத்தில் சுவரோடு சுவராக அலமாரியும் மடக்குக் கட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் புறநகராக இருந்தாலும் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு வருடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: மழைக்காலம், கோடை, பள்ளித் தேர்வு, ஒரு முறையாவது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போவது, எல்லாம் அதற்குள் வந்துவிடும். வாங்குவதா வேண்டாமா என்பது அப்போது தானே தெரியும். 'வாடகை வீண் செலவுதானே' என்பார்கள். பிடிக்காத இடத்தில் வாங்கிவிட்டு விற்க அலைவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு வருட வாடகை சின்னத் தொகை.

வாடகைக்குப் போவதற்கு முன்பும் ஒரு சோதனை செய்யலாம். சாதாரண வேலைநாளில், விடுப்பு எடுத்துக்கொண்டு, அந்த வீட்டு வாசலிலிருந்து காலை கூட்ட நேரத்தில் அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். மாலை கூட்ட நேரத்தில் திரும்புங்கள். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்பாமல் வாசலிலிருந்து நாற்காலிவரை கைக்கடிகாரத்தில் பாருங்கள். வண்டி நிறுத்தத்தில் இடம் தேடுவது, நடைமேடைக்கு ஏறி இறங்குவது, ரயிலுக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர வேண்டும். மகளையும் பாட்டியையும் வேறொரு நாள் கூட்டிப்போய், ஒரு முழு மாலையை அந்தத் தெருவில் கழிக்க விடுங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், திருத்த முயலாதீர்கள்.

மாறுவதென்று முடிவாகிவிட்டால் பள்ளி ஆண்டு முடியும் நேரமாகப் பார்த்து மாறுங்கள். இப்போது இருக்கும் வீட்டு உரிமையாளரிடம் காலி செய்யும் தேதியைச் சொல்வது, மகனுக்குப் புதிய பள்ளியில் இடம் உறுதியாகி அதற்கான ரசீது கைக்கு வந்த பிறகு இருக்கட்டும்.